தோஹாவுக்குப் போய் வரும் இலக்கம்

அஸீமாவின் கார்டுக்கு வரும் ஓடிபி இலக்கம் கண்டிக்கு அருகே திகனயில் வந்து விழுவதில்லை. அது தோஹாவுக்குப் போகும். அங்கே ஹோட்டல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு களஞ்சியத்தின் பின்பக்கத்தில் அவளுடைய கணவன் நஸீம் பிளாஸ்டிக் கோப்பையில் தேநீரோடு நிற்பான். அவனுடைய பழைய ஃபோனில் கிடக்கும் இலங்கை சிம்முக்கு வங்கியின் செய்தி வரும். அதிலுள்ள ஆறு இலக்கங்களையும் பார்த்து மற்ற ஃபோனில் வட்ஸ்அப்பில் அடித்து அனுப்புவான். அஸீமா அதைத் தன் லெப்டொப்பில் போடுவாள். அதன் பிறகுதான் ஐம்பது ரூபாய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்.

அவர்கள் கலியாணம் முடித்த புதிதில் இருவருமாக வங்கிக்குப் போய்ச் செய்த ஏற்பாடு அது. கணக்கு நஸீமின் பேரில் இருந்தது. அவளுக்கென்று ஒரு மேலதிக கார்ட் கொடுத்தார்கள். எந்த நம்பருக்குச் செய்தி அனுப்புவது என்று அலுவலர் சிங்களத்தில் கேட்டார். நஸீம் தன் நம்பரைச் சொன்னான். பக்கத்துக் கதிரையில் இருந்த அஸீமாவுக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அவர்களுடைய ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படித்தான். கார்ட் பெண்ணின் கைப்பையில் இருக்கும், இலக்கம் கடல் கடந்து ஆணின் சட்டைப் பைக்குப் போகும். முன்வீட்டு நப்லா மலிவு விற்பனை நாளில் ரைஸ் குக்கர் ஒன்றுக்கு ஓடர் போட்டாள். அவளுடைய கணவன் ரியாதில் ஜும்ஆவுக்குப் போயிருந்ததால் இலக்கம் வந்து சேரவில்லை, குக்கர் கைதவறிப் போனது. "அவர் ஓதினது எனக்குக் குக்கர் கிடைக்காம ஈக்கத்தான்" என்று அவள் பல நாட்கள் சொல்லிச் சிரித்தாள்.

அஸீமாவின் சொந்த ஊர் அலவத்துகொட. பதினொன்றாம் வகுப்பு வரை தமிழில் படித்து, பிறகு கண்டியில் ஆங்கிலத்தில் கணினி டிப்ளோமா செய்தாள். தினமும் காலையில் பஸ்ஸில் அக்குறணை நெரிசலில் ஊர்ந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குப் போன அந்த வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால் "நல்லா ஈந்த" என்பாள். நன்றாக இருந்தது என்பதற்கு மேல் சொல்லமாட்டாள். கண்டியில் ஒரு சிறிய கம்பனியில் வேலை செய்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்து மேசையில் துஷ்யந்தி என்றொரு பெண் இருந்தாள். பகல் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள், கணினி நிரலில் பிழை வந்தால் ஒருவர் கதிரையை மற்றவர் பக்கம் உருட்டிக்கொண்டு போவார்கள். கலியாணத்தோடு அந்த வேலை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திகனயில் புது வீடு, நஸீமின் உம்மா தனியாக இருந்தார், நஸீமுக்கு லீவு முடிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப்போனது.

வீடு இன்னும் முடியவில்லை. கீழ்மாடி மட்டும் பூசி, நிறமடித்து, தரைக்குச் சீமெந்து போட்டிருந்தது. மேல்மாடியில் பிளொக் கற்கள் அப்படியே தெரியும். அஸீமா மேல்மாடி அறையொன்றில் மேசை போட்டிருந்தாள். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி இல்லை, மழைக்கு பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. வெயில் நாட்களில் அந்தத் தாளை ஒரு பக்கம் சுருட்டிவிட்டால் தூரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஒரு கீற்று மினுங்கும். நஸீம் போகும்போதெல்லாம் "டைல்ஸ் மட்டும் முடிஞ்சா போதும், வந்துடுவேன்" என்று சொல்லிப் போவான். டைல்ஸின் விலை அவன் வருவதை விட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் அபாயாக் கடை வைத்திருக்கும் றிஸானா, அலவத்துகொடையில் அஸீமாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். ஒருநாள் அவள் அஸீமாவை அழைத்தாள்.

"நீ கம்பியூட்டர் படிச்ச புள்ள தானே. எனக்கு வெப்ஸைட்ல கார்ட்ல காசு எடுக்குற மாதிரி செஞ்சு தர ஏலுமா?"

"இப்ப எப்பிடி எடுக்குறீங்க, ராத்தா?"

"எப்பிடி எடுக்குறதாம். பேங்க்ல போட்டுட்டு ஸ்லிப்ப ஃபோட்டோ எடுத்து அனுப்புவாங்க. நான் ராவு பகல் ஸ்லிப் பாத்துப் பாத்து கண்ணு போச்சு. போன கிழம ஒரே ஸ்லிப்ப மூணு பேர் அனுப்பி ஈக்கிறாங்க. மூணும் ஒரே குடும்பம். கேட்டா, எங்களுக்குள்ள ஒத்துமை மிச்சம் என்டு சொல்ற."

அஸீமா சிரித்தாள். ஏலும் என்றாள். ஃபோனை வைத்த பிறகு பயம் வந்தது. அவள் வேலையை விட்ட பிறகு இந்தத் தொழிலில் எல்லாம் மாறியிருந்தது. பணம் எடுக்கும் நிரலை அவள் முன்பு ஒருபோதும் தனியே எழுதியதில்லை. கதிரையை உருட்டிப் போய்க் கேட்கப் பக்கத்தில் யாருமில்லை.

அப்போதுதான் அவள் ஓர் ஏஐ உதவியாளரைத் திறந்தாள். என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது நிரலை எழுதித் தரும், ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொல்லும். முதல் நாளே அது, கார்டிலிருந்து பணத்தை எடுத்துக் கடைக்குக் கொடுக்கும் கட்டணக் கம்பனியிடம் இல்லாத ஒரு கட்டளையை இருப்பதுபோல் எழுதித் தந்தது. அவள் கம்பனியின் கையேட்டைத் தேடிப் பார்த்து, அப்படி ஒன்றில்லை என்று எழுதினாள். நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும் என்று உடனே வேறொன்றைத் தந்தது. அதன் பிறகு அவள் ஒவ்வொரு வரியையும் வாசித்துத்தான் எடுப்பாள். வேலை நகர்ந்தது. காலையில் மாமிக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மேலே ஏறினால், பகல் சமையலுக்கு இறங்கும்வரை அவள் எழுதிக் கேட்பதும் அது பதில் தருவதுமாகப் போகும்.

நஸீமின் உம்மா படியடியில் நின்று கூப்பிடுவார்.

"யாரோட பேச்சு மேல?"

"பேச்சில்ல மாமி, எழுதுற."

"அந்தப் பொட்டிக்கா? நீ அதுக்கு எழுதுறதுல பாதிய என்ட மகனுக்கு எழுதினா அவன் பிளேனுக்குக் காத்து நிக்காம நீந்தியே வந்துடுவான்."

மாமி வேடிக்கையாகத்தான் சொன்னார். அஸீமா அதற்குச் சிரித்ததாக அவளுக்கே நினைவில்லை.

நஸீமின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவன் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னான். போடுவதா இல்லையா என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால், வந்து என்ன செய்வது என்று அவன் கேட்பான், அதற்கு அவளிடம் பதில் இல்லை. றிஸானாவின் வேலை சரியாக அமைந்தால் பதில் இருக்கும் என்று அவள் நினைத்தாள். றிஸானாவுக்குக் கடைக்காரச் சிநேகிதிகள் நிறையப் பேர். ஒரு கடை சரியாக ஓடினால் மற்றவையும் வரும். டைல்ஸை நான் போடுகிறேன், நீங்கள் வந்துவிடுங்கள் என்று சொல்லலாம். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகத்தான் அவள் மேல்மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

முதல் சோதனையை அவள் உண்மையான கார்டில் செய்தாள். றிஸானா அனுப்பியது கட்டணக் கம்பனி உண்மையான கடைக்குக் கொடுத்த இரகசியச் சாவி எண்கள் மட்டும்தான், அதனால் வேறு வழி தெரியவில்லை. வெப்ஸைட்டில் யாருக்கும் தெரியாத மூலையில் 'டெஸ்ட்' என்று ஒரு பொருளைப் போட்டு அதற்கு ஐம்பது ரூபாய் விலை வைத்தாள். நஸீமுக்கு ஃபோன் செய்தாள். அங்கே காலை பத்து மணித் தேநீர் நேரம். இங்கே அவள் லுஹர் தொழுதுவிட்டு எழும்பிய நேரம். வேலை நேரத்தில் நஸீமும் மற்றவர்களும் ஃபோனை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து மணிக்கு மட்டும் எடுக்கலாம்.

"ஒரு நம்பர் வந்தீக்கும் பாருங்க."

"வந்தீக்கி. அம்பது ரூவாக்கு என்னத்த வாங்கின?"

"ஒன்டும் வாங்கல்ல. டெஸ்ட்."

"ஒன்டும் வாங்காம காசு குடுக்குறதுக்கா படிச்ச நீ?"

"நம்பர சொல்லுங்க, நேரம் போகுது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் போட்டாள். திரையில் 'பணம் பெறப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. "போய்ட்டு" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், என்ட அம்பது ரூவா" என்றான் அவன். அன்று அவர்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசினார்கள். இரவில் அவன் அழைக்கும்போது களைத்துப் போயிருப்பான், அறையில் மற்றவர்கள் இருப்பார்கள், சாப்பிட்டியா உம்மா எப்படி என்பதோடு முடிந்துவிடும். பகலில் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

மூன்றாவது நாள் ஏஐ அவளிடம் சொன்னது. உண்மையான கார்டில் சோதிக்கத் தேவையில்லை, கட்டணக் கம்பனி சோதனைக்கென்றே தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறது, அதற்குரிய போலிக் கார்ட் இலக்கத்தைப் போட்டால் எவ்வளவு பெரிய தொகையையும் செலவில்லாமல் சோதிக்கலாம், எந்த ஃபோனுக்கும் ஓடிபி போகாது என்று எழுதியது. எப்படிப் பதிவது என்பதையும் விளக்கியது. அவள் பதிந்தாள். போலிக் கார்ட் இலக்கத்தை எடுத்து வைத்தாள். மறுநாள் லுஹருக்குப் பிறகு பழையபடி தன் கார்டைப் போட்டாள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏஐ மட்டும் இரண்டு தடவை நினைவூட்டியது. பிறகு அதுவும் நிறுத்திவிட்டு, நிரலில் அந்த இடத்துக்கு மேலே 'உண்மையான கார்டில் சோதிக்கப்படுகிறது' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டது.

நாளாக ஆக அழைப்பு குறைந்தது. ஃபோன் எடுத்துப் பேசுவதற்குள் இலக்கத்தின் நேரம் முடிந்துவிடுகிறது, எழுதியே அனுப்புகிறேன் என்றான் நஸீம். அதன் பிறகு வட்ஸ்அப்பில் இலக்கங்கள் வரத் தொடங்கின. முதலில் இலக்கத்தோடு ஒரு சிரிப்புப் படமும் வரும். பிறகு இலக்கம் மட்டும். அவள் 'கிடைச்ச' என்று எழுதுவாள். அவர்களுடைய உரையாடலை மேலே தள்ளிக்கொண்டு போனால் ஆறு ஆறு இலக்கங்களாக ஒரு நீண்ட நிரை, நடுநடுவே 'கிடைச்ச', 'கிடைச்ச', எங்கோ ஓரிடத்தில் 'உம்மாட மருந்து முடிஞ்சா?' என்று ஒரு கேள்வி. பார்க்கிற யாருக்கும் இரண்டு கணக்காளர்கள் பேசிக்கொள்வதுபோல் இருக்கும்.

ஆனாலும் அவள் ஒவ்வொரு பகலும் அந்த நேரத்துக்காக ஏதாவது ஒரு திருத்தத்தை மிச்சம் வைத்திருந்தாள். பொத்தானின் நிறத்தை மாற்றினால்கூட ஒருமுறை பணம் அனுப்பிப் பார்த்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது றிஸானா வெப்ஸைட்டை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்டாள். அஸீமா லெப்டொப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கண்டியில் மாறி, கட்டுகஸ்தோட்டைக் கடைக்குப் போயிருந்தாள். முதல் நாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று றிஸானாதான் சொன்னாள். கடை முழுக்க புதுத் துணி மணம். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பொதி கட்டிக்கொண்டிருந்தார்கள். பகல் வரை எல்லாம் நன்றாகப் போனது. ஓடர்கள் வந்தன. றிஸானா அவளுக்கு ஃபலூடா வரவழைத்தாள்.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் றிஸானா ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அஸீமா, இங்க பாரு. ஹிஜாப் மட்டும்தான் விக்கிது. அபாயா ஒன்டும் விக்கல்ல."

"ஆக்கள் ஹிஜாப்தான் வாங்குறாங்களோ?"

"வாங்க வாராங்க, காசு போகுதில்ல. இந்தா, எனக்குத் திட்டித் திட்டி எழுதி ஈக்கிறாங்க. கார்டப் போட்டா 'சரிபார்க்க முடியவில்லை' என்டு வருதாம். அக்குறணையில ஒருத்தி எழுதி ஈக்கிற, ராத்தா உங்களுக்கு ஸ்லிப்தான் சரி என்டு."

அஸீமா லெப்டொப்பைப் பொதி கட்டும் மேசையின் ஓரத்தில் திறந்து, பிழைச் செய்தியை அப்படியே எடுத்து ஏஐயிடம் போட்டாள். ஹிஜாபுக்குப் பணம் போகிறது, அபாயாவுக்குப் போகவில்லை என்றும் எழுதினாள். ஹிஜாப் எல்லாம் ஆயிரத்துக்குக் கீழே, அபாயா எல்லாம் ஆயிரத்துக்கு மேலே.

பதில் உடனே வந்தது. கட்டணக் கம்பனிக்கு ஒவ்வொரு ஓடருடனும் ஒரு கையொப்பம் அனுப்ப வேண்டும். கடையின் எண், ஓடரின் எண், தொகை, இரகசியச் சாவி நான்கையும் சேர்த்து ஆக்கும் ஒரு நீண்ட எழுத்துச் சரம் அது. கம்பனியும் தன் பக்கத்தில் அதையே ஆக்கிப் பார்க்கும். இரண்டும் ஒத்தால்தான் பணம் எடுக்கும். அந்தச் சரத்தை ஆக்கும் வரியில் தொகை ஆயிரத்தைத் தாண்டும்போது நடுவில் ஒரு கமா விழுகிறது. ஏழாயிரத்து ஐந்நூறில் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு கமா. கம்பனி கமா இல்லாமல் எழுதுகிறது. ஆகவே ஒத்துப்போவதில்லை. அந்த வரியை நான்தான் எழுதினேன், மன்னிக்கவும் என்று ஏஐ எழுதியிருந்தது. சோதனை இடத்தில் பெரிய தொகையொன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும் என்றும் கீழே ஒரு வரி இருந்தது.

அஸீமா அந்தக் கடைசி வரியை மறுபடியும் வாசித்தாள். ஒவ்வொரு பகலும் ஐம்பது ரூபாய். ஐம்பதில் கமா விழாது.

திருத்த ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. போலிக் கார்டைப் போட்டு ஏழாயிரத்து ஐந்நூறு அனுப்பிப் பார்த்தாள், போனது. றிஸானாவுக்கு அது போதவில்லை.

"இது பொய்க் கார்ட் என்டு நீதானே சொல்ற. உண்மையான கார்ட்ல ஒருக்கா செஞ்சு காட்டு. உன்ட கார்ட் ஈக்கிதானே?"

அஸீமா தன் கார்டைப் போட்டாள். இலக்கம் தோஹாவுக்குப் போனது. அங்கே பத்து மணி எப்போதோ கடந்துவிட்டது, ஃபோன் அலுமாரிக்குள் இருந்தது. அவள் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் அடையாளம், இன்னும் போய்ச் சேரவில்லை என்று. நேரம் முடிந்தது. திரும்ப அனுப்பச் சொன்னாள். அதுவும் முடிந்தது.

"என்ன நடந்த?"

"நம்பர் வரணும், ராத்தா."

"உன்ட ஃபோன் கையிலதானே ஈக்கி?"

"அவர்ட ஃபோனுக்குத்தான் வார."

பொதி கட்டிய பெண்களில் ஒருத்தி தலை நிமிர்ந்து பார்த்தாள். றிஸானா, "ஊரெல்லாம் காசு குடுக்க வழி செய்ற புள்ளக்கி, தன்ட காசக் குடுக்க கத்தாருக்குக் கேக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தன் கைப்பையைத் திறந்து தன்னுடைய கார்டை எடுத்து அஸீமாவிடம் கொடுத்தாள். அடுத்த கணம் றிஸானாவின் உள்ளங்கையில் ஃபோன் ஒரு சிறிய ஒலி எழுப்பியது. அவள் இலக்கத்தை வாசித்தாள். பணம் போனது.

"சரி, விக்கிது" என்றாள் றிஸானா. "இனி நான் எல்லாருக்கும் மன்னிப்பு எழுதணும். உனக்கு ஃபலூடா வாங்கித் தந்தத திருப்பி எடுக்க ஏலா. குடிச்சிட்டுப் போ."

திரும்பி வரும் பஸ்ஸில் அஸீமாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குண்டசாலையைத் தாண்டும்போது நஸீமிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு இலக்கங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அவற்றின் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கீழே, 'இப்பதான் கண்ட. இந்த நேரத்துல என்ன டெஸ்ட்?' என்று இருந்தது. அவள் 'பரவாயில்ல, முடிஞ்சி' என்று எழுதினாள்.

அடுத்த கிழமை றிஸானா இன்னொரு கடையின் பேரைச் சொல்லி அழைத்தாள். பிள்ளைகளின் உடுப்புக் கடை. அபாயாக்கள் விற்கின்றன, கமா விஷயத்தை அந்தக் கடைக்காரியிடம் தான் சொல்லவில்லை என்றாள். அஸீமா அன்றே திகன வங்கிக்குப் போனாள். இன்னொருவருடைய கடையில் நின்று இன்னொரு தரம் அப்படிக் காத்திருக்க அவளுக்கு விருப்பமில்லை. அந்த ஒரு காரணத்தைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் சிங்களத்தில் விளக்கினாள். கார்டின் நம்பரை மாற்றலாம், ஆனால் கணக்கு உங்கள் கணவர் மஹத்தயாவின் பேரில் இருக்கிறது, அவர் சம்மதிக்க வேண்டும். பழைய நம்பருக்கு ஓர் இலக்கம் அனுப்புவோம், அவர் அதைத் தந்தால் சரி.

நம்பரை மாற்றவும் நம்பர் தேவைப்பட்டது. நேரம் பன்னிரண்டரை இருக்கும். அஸீமா எழுதினாள்: 'நான் பேங்க்ல ஈக்கிற. ஒரு நம்பர் வரும்.'

இரண்டு நீல அடையாளங்கள் விழுந்தன. அவன் பார்த்துவிட்டான். இலக்கம் வரவில்லை. அவள் கதிரையில் இருந்தாள். கைக்குழந்தையோடு வந்த ஒருவர் அவளைத் தாண்டி முன்னால் போனார். நேரம் முடிந்துவிட்டது என்று அந்த இளம்பெண் சொல்லி, இன்னொன்று அனுப்பினாள். அதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். சும்மா ஓர் இலக்கமாக அது போகவில்லை. 'இனி இந்தக் கார்டின் செய்திகள் வேறு நம்பருக்கு அனுப்பப்படும், சம்மதமானால் இந்த இலக்கத்தைக் கொடுக்கவும்' என்று வங்கி எழுதியிருக்கும். அதை அவன் வாசித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

பிறகு வந்தது. ஆறு இலக்கங்கள். வேறொன்றுமில்லை. அவள் 'கிடைச்ச' என்று எழுதினாள்.

வங்கியை விட்டு வெளியே வந்து மஹியங்கனை வீதியின் ஓரத்தில் நடக்கும்போது அவன் அழைத்தான். லொறிகள் போன சத்தத்தில் அவள் ஒரு கடையின் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"இனி எனக்கு ஒன்டும் வராதா?"

"வராது. எனக்குத்தான் வரும்."

"ஹ்ம்." அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் ஒலி கேட்டது. "அப்ப டெஸ்ட் எல்லாம் முடிஞ்சா?"

"முடிஞ்சி. இன்னொரு கடை வந்தீக்கி. அதுக்கு இந்தக் கார்ட் தேவையில்ல. டெஸ்டுக்கென்டு பொய்க் கார்ட் ஒன்டு ஈக்கி. காசும் போகாது, நம்பரும் வராது."

"அது எப்ப வந்த?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த ஒரு டியூஷன் விளம்பரத்தைப் பார்த்தாள். "ஆரம்பத்துலேயே ஈந்த" என்றாள்.

அந்தப் பக்கம் பீப் ஒலி நின்றது.

"நம்பர் வரும் என்டுதான் பத்து மணிக்கு வெளிய வார" என்றான். "மத்தவங்க எல்லாம் உள்ளுக்கே டீ குடிக்கிற. ஏஸி. வெளிய நெருப்பு மாதிரி வெயில். எனக்குப் பைத்தியம் என்டு சொல்ற."

"சொல்லி ஈக்கலாமே."

"என்னத்த சொல்ற. வெயில்ல நின்டா சிக்னல் நல்லா வார என்டா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவனும் அதற்காகத்தான் சொன்னான். பிறகு அவள் கேட்டாள். எத்தனையோ பகல்கள் அந்தப் பச்சை எழுத்து வரும்வரை காத்திருந்து கேட்காமல் விட்ட கேள்வியை, வீதியோரத்தில், லொறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன கிழம. ரெண்டு வருஷத்துக்கு." கொஞ்சம் பொறுத்து, "நீ ஒன்டும் கேக்கல்லயே" என்றான்.

"வேல சரியா அமையட்டும் என்டு பாத்துட்டு ஈந்த."

"அமைஞ்சா?"

"அமைஞ்சா வரச் சொல்ல."

அவனுக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "பூட்டப் போறாங்க" என்றான். "ராவைக்கு எடுக்குறன்." வைத்துவிட்டான்.

இரவு அவன் எடுத்தான். அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். சாப்பிட்டியா என்று கேட்டான். உம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னான். மாமி, அடுத்த லீவுக்கு வரும்போது நல்ல தைலம் இரண்டு போத்தல் கொண்டுவரச் சொன்னார். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஏற்கனவே அறிந்திருந்தார் என்பது அந்தப் பேச்சில்தான் அஸீமாவுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் வழக்கம்போல மேலே ஏறினாள். பிள்ளைகளின் உடுப்புக் கடைக்கு நிரலைத் தொடங்கினாள். முதலில் சோதனை இடத்தில் பதிந்தாள். தொகையில் கமா விழாமல் எழுதும்படி ஏஐயிடம் முன்கூட்டியே சொன்னாள். அது நல்லது என்று சொல்லி, போலிக் கார்டில் சிறிய தொகை, பெரிய தொகை, போதிய பணமில்லாத கார்ட், காலாவதியான கார்ட் எல்லாவற்றையும் சோதிக்கும்படி வரிசையாக எழுதித் தந்தது. அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். எல்லாம் பச்சை எழுத்தில் வந்தன, சிவப்பில் வரவேண்டியவை சிவப்பில் வந்தன. யாருடைய ஃபோனும் ஒலிக்கவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். திருத்த ஒன்றும் மிச்சமில்லை. பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி விட்டாள். அன்று மேகமாக இருந்ததால் நீர்த்தேக்கம் தெரியவில்லை. கீழே மாமி சட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

அவள் ஃபோனை எடுத்தாள். இலக்கங்களின் நீண்ட நிரைக்குக் கீழே எழுதினாள்:

'நம்பர் இல்லாட்டியும் வெளிய போய்க் குடிங்க.'

அனுப்பிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிரலின் அடுத்த வரியைத் தொடங்கினாள்.